தாங்கும் கரை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறுகிறவர்களுக்குப் பழவந்தாங்கல் என்ற ஸ்டேஷனைத் தெரியாமல் இராது. பரங்கிமலையைத் தாண்டினால் பழவந்தாங்கல். இறங்குகிறவர்கள் இறங்குவார்கள், ஏறுகிறவர்கள் ஏறுவார்கள், பையும் கூடையுமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாம், நம் ஸ்டேஷனுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று விரலை மடக்குவோம். 'அது என்ன தாங்கல்?' என்று யோசிக்க யாருக்கு அவகாசம்?

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். ஏரி அக்கா என்றால் தாங்கல் தங்கை. மேட்டிலிருந்து ஓடி வருகிற மழைத் தண்ணீருக்குக் குறுக்கே வளைவாக ஒரு மண் கரையைப் போட்டு, 'நில்லம்மா, எங்கே அவசரம்?' என்று தாங்கிப் பிடித்துக்கொள்வது. அவ்வளவுதான்.

அணை என்றதும் நம் மனம் 1934-ல் கட்டி முடித்த மேட்டூருக்குப் போகிறது. மதகு திறந்தால் பத்திரிகையில் படம் வருகிறது. நாங்களே போடுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் தாங்கல்களும் கண்மாய்களும் இருக்கின்றன என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மண் கரை. அந்த மண் கரையும் ஓர் அணைதானே? அதற்கு யாரும் மாலை போட்டுப் படம் பிடிப்பதில்லை. காணாமற்போனால் தேடுவதும் இல்லை. தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகிறீர்களே, 1920-களுக்கு முன்னால் அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது. மாம்பலத்து நீண்ட ஏரியின் மடியில்தான் அந்த நகரை எழுப்பினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடம் நுங்கம்பாக்கம் ஏரி. மேற்கு மாம்பலத்தில் 'ஏரிக்கரைச் சாலை' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. சாலை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து ஞாபகம் வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு தாங்கல் விஷயமாகப் பெரிய யோசனை நடந்தது.

என் மாமியாருக்குப் பிறந்த வீட்டு வழியில், மதுராந்தகம் தாலுகாவில் ஒரு கிராமத்தில், தாங்கல் பாசனத்தில் எண்பது சென்ட் நஞ்சை உண்டு. ஒரு ஏக்கருக்குக் கூட இருபது சென்ட் குறைவு. அதைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் மனை ஆகிவிட்டது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கல் நட்டு, கம்பத்தில் கொடி கட்டி, 'நகர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நடுவில் அத்தையின் எண்பது சென்ட் மட்டும் பல் வரிசையில் விழாமல் நிற்கிற கடைவாய்ப் பல்லைப் போல் நின்றது. தரகர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். மூன்று தடவையும் காப்பி சாப்பிட்டார். கடைசித் தடவை பத்திரத்தின் நகலையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வைத்துவிட்டுப் போன தொகை சாமானியமில்லை. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. பெண் ஆறாவது படிக்கிறாள். நாளைக்குக் காலேஜ் என்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என் கணவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயாரிடம் கேட்கவும் தயக்கம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அத்தை சரி என்றும் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பத்திரத்தின்மேல் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

"உங்க ஊர்த் தாங்கலுக்குத்தானே அத்தை? போனால் போச்சு" என்றேன்.

"அது வேணாம்மா. அங்கே வரத்துக்காலை அடைச்சு நாலு வருஷமாச்சு. கரை கிடக்கு, தண்ணி இல்லை. செத்த வீட்டுக்குப் போய் என்ன பண்றது? உசுரோட இருக்கிற ஏரி ஒண்ணைப் பார்க்கணும்."

பத்திரிகைக்காரியாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இம்மாதிரி ஆசைகளைக் காரியாலயத்துக் கணக்கிலேயே நிறைவேற்றி வைக்கலாம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அத்தை, என் கணவர், பெண், நான் நால்வரும் புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவுமாகக் கிளம்பினோம்.

முதலில் மதுராந்தகம். அங்கே ஏரியைப் பார்ப்பதற்கு முன்னால் ஏரி காத்த ராமரைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் நிபந்தனை. அந்த ராமரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கும்பினி ஆட்சிக் காலத்தில், 1790-களில், இந்தப் பிரதேசத்துக்குக் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் என்ற துரை. மதுராந்தகம் ஏரி மழைக்கு மழை உடைத்துக்கொண்டே இருந்ததாம். தாயார் சன்னிதியைக் கட்டித் தர வேண்டும் என்று கோயில்காரர்கள் போய்க் கேட்டபோது, 'உங்கள் சாமி இந்த வருஷம் கரையைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்' என்றாராம் துரை. அந்த வருஷமும் அடைமழை. நள்ளிரவில் துரை கரையைப் பார்க்கப் போனார். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரைமேல் காவல் நிற்பதைக் கண்டார். கரை உடையவில்லை. சன்னிதி எழும்பியது. அந்தத் தர்மம் அவருடையது என்று கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கதையைக் கேட்டுவிட்டு என் பெண், "ராமரே வந்தாரா பாட்டி?" என்றாள்.

"வந்தாரோ என்னவோ. ஆனா ஒண்ணு பார்த்தியா? தம்பியையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்காரு. ராமராயிருந்தாலும் தனி ஆளாக் கரையைக் காக்க முடியாது, கண்ணு" என்றார் அத்தை.

மத்தியானச் சாப்பாட்டை ஒரு புங்க மரத்தடியில் முடித்துக்கொண்டு வேடந்தாங்கலுக்குத் திரும்பினோம். அத்தை கேட்ட 'உயிரோடு இருக்கிற தாங்கல்' அதுதான்.

பறவைகள் சரணாலயம் என்றதும் ஏதோ காட்டுக்குள் போகப் போகிறோம் என்று என் பெண் நினைத்திருந்தாள். காடும் இல்லை, மலையும் இல்லை. வயல்; வயலுக்கு நடுவே ஊர்; ஊரை ஒட்டி ஓர் ஏரி. பரப்பு சுமார் முப்பது ஹெக்டேர், அதாவது எழுபத்து நாலு ஏக்கர். செங்கற்பட்டு ஜில்லாவில் இதைப் போல் எத்தனையோ உண்டு. அந்த ஜில்லாவுக்கே 'ஏரிகள் மாவட்டம்' என்றுதான் பெயர். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நாம் ஏறி நிற்பது ஏரிக்கரைமேல்தான். மர நிழலோடு நீளமாகப் போகிறது அந்தக் கரை. நடக்கிறவர்கள் நடக்கிறார்கள், உட்கார்ந்து பார்ப்பதற்கு இடம் இருக்கிறது, ஏறிப் பார்ப்பதற்குக் கோபுரம் இருக்கிறது.

ஒரு பக்கம் தண்ணீர். தண்ணீருக்குள் மரங்கள். கடம்பு என்கிறார்கள் ஊரில். மாதக்கணக்கில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். அந்த மரங்களில் இலை தெரியவில்லை! பறவைதான் தெரிகிறது. வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகக் கிளைக்குக் கிளை, கூட்டுக்குக் கூடு. கல்யாண வீட்டுக் கூடத்தில் பாய்க்குப் பாய் இடம் பிடித்துக்கொள்வார்களே, அந்தக் காட்சி.

அலகு இரண்டும் மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிறதே, அது நத்தைகுத்தி நாரை. பாக்குவெட்டி போன்ற அந்த அலகால்தான் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து வெளியே இழுக்கிறது. தட்டையான சட்டுவத்தை முகத்தில் ஒட்டவைத்த மாதிரி இருப்பது கரண்டிவாயன். கதிர் அரிவாளை மாட்டிக்கொண்டிருப்பது வெள்ளை அரிவாள்மூக்கன். இறக்கைகளை விரித்து வேட்டி காயப்போடுவது போல் நிற்பது நீர்க்காகம். அதற்கு இறகு சீக்கிரம் நனைந்துவிடும். நீரில் முங்கி மீன் பிடித்ததும் உலர்த்தியே ஆகவேண்டும். பகலெல்லாம் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு தூங்குவது வக்கா. ராத்திரி உத்தியோகம் போலிருக்கிறது. கூழைக்கடா வந்து இறங்கும்போது மட்டும் மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்கள். அவ்வளவு பெரிய சரீரம்.

என் பெண் தொலைநோக்கியை விடவே இல்லை. "அம்மா, குஞ்சு! அம்மா, அது அம்மா வாய்க்குள்ளேயே தலையை விடுது!" என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவளாகவே ரகசியக் குரலுக்கு இறங்கிவிட்டாள்.

ஆனால் அத்தை பறவையைப் பார்க்கவில்லை.

கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தடியால் இங்கே தட்டுவதும் அங்கே குத்துவதுமாக நடந்தார். பிறகு எங்கள் மூவரையும் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதைப் பிறகு எஞ்சினீயர் ஒருவரிடம் கேட்டபோது, ஒரு வார்த்தை பிசகில்லை என்றார்.

மண் கரைக்கு அடி அகலம், தலை குறுகல். உட்பக்கம் அலை வந்து அறுக்காமல் கல் பாவ வேண்டும். வெளிப்பக்கம் மண் சரியாமல் புல் பிடித்திருக்க வேண்டும். மண் கரைக்கு எமன், தண்ணீர் அதன் தலைக்குமேல் ஏறி வழிவது. ஒரு சாண் வழிந்தால் போதும், கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகையால்தான் கரையை விடத் தாழ்வாகக் கல்லால் ஒரு கலங்கல் கட்டி, மிஞ்சின தண்ணீரை அந்த வழியாக அடுத்த ஏரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது எமன் சின்னவன்: நண்டு வளை, எலி வளை. உள்ளே விரல் கனத்துக்குக் கசிந்து, மண்ணை அரித்து, ஒரு மழை ராத்திரியில் கரையையே பிளந்துவிடும். வயலுக்கு விடுவதற்கு மதகு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவதற்கு வரத்துக்கால். வருஷா வருஷம் வெயில் காலத்தில் ஏரி வற்றினதும் தூர் எடுத்து, எடுத்த மண்ணைக் கரைமேலேயே போட்டால் ஏரியும் ஆழமாகும், கரையும் உயரும். ஒரே கூலியில் இரண்டு வேலை.

"வளை இருக்கான்னு யாரு பார்த்துக்கிட்டே இருப்பாங்க பாட்டி?"

"கீழே வயல் வெச்சிருக்கிறவன் பார்ப்பான். கரை போனா அவன் சோறு போச்சே. எங்க அப்பா மழை ராத்திரியில சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு லாந்தர் எடுத்துக்கிட்டுப் போவாரு. ஊரே போகும்."

கரையின் மறுபக்கத்தைக் காட்டினார் அத்தை. அங்கே வயல், பச்சைப் பசேலென்று. மதகு வழியே போகிற தண்ணீர் கொஞ்சம் பச்சை கலந்த கலங்கலாக இருந்தது. வேடந்தாங்கலின் சூட்சுமம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்புகிறது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் கீரியும் பூனையும் கூட்டை அண்ட முடியாது. ஆகவே பறவைகள் நம்பி வந்து முட்டையிடுகின்றன. ஆயிரக்கணக்கில் அவை இரவும் பகலும் இடுகிற எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. அது நல்ல உரம். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. வயலிலே நத்தையும் தவளையும் பெருகுகின்றன. நத்தைகுத்தி நாரை அந்த வயலுக்கே போய் நத்தையைப் பொறுக்கிக்கொண்டு வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. பங்குனி, சித்திரையில் குஞ்சுகள் பறக்கப் பழகியதும் கூட்டம் கலைகிறது, ஏரி வற்றுகிறது, மறுபடி மழை. இந்தச் சக்கரத்துக்கு அச்சாணி அந்த மண் கரை. கரை போட்டவர்கள் பறவைக்காகப் போடவில்லை, நெல்லுக்காகப் போட்டார்கள். பறவை அழையாத விருந்தாளி. விருந்தாளி வந்ததும் வீடே செழித்தது என்று கண்டுகொண்டார்கள் ஊரார். கண்டுகொண்ட பின் விடவில்லை.

எப்படி விடவில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இங்கே பறவை சுட்டார்களாம். ஊர்க்காரர்கள் செங்கற்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் அந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது என்ற உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். கொடுத்த கலெக்டர் யார் தெரியுமா? மதுராந்தகத்தில் பார்த்தோமே, அதே பிளேஸ் துரைதான்! 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 1972-ல்தான் வந்தது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஊரின் பெருமை புரியும். வேடர்களுக்குப் பேர்போன தாங்கல், வேடனுக்குத் தடை போட்ட தாங்கலாக ஆனது வேடிக்கைதான்.

இப்படிப்பட்ட ஊர் இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டுகின்றன, யாரும் விரட்டுவதில்லை. பெரிய சாமிக்குப் போட்ட கும்பிடு மாதிரி அது பழக்கமாகிவிட்டது.

மாலை நாலரை மணி இருக்கும். கரைமேல் கூட்டம் சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த குடும்பங்கள், காமிராவும் முக்காலியுமாக வந்த வாலிபர்கள், ஆசிரியையோடு வரிசையாக வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேற்கே வெயில் சாய்ந்ததும் மேயப்போன பறவைகள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் நாலைந்து, பிறகு வரிசை, பிறகு வானம் முழுவதும். காலை நீட்டி, இறக்கையை அகல விரித்து, மரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தவர்கள் கூடக் கொஞ்ச நேரத்தில் அதைக் கீழே இறக்கிவிட்டு வெறுமனே பார்த்தார்கள்.

என் கணவர் என் காதருகில், "இவ்வளவு பேருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். நாலு பக்கம் மண்ணை வெட்டிப் போட்டதற்கு இதைவிட வட்டி யார் தருவார்கள்?" என்றார். கணக்கு எழுதுகிற மனிதர். அவர் வாயில் அதுதான் வரும்.

பக்கத்தில் ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அத்தை அவரிடம் பேச்சுக் கொடுத்தார். எத்தனை வயல், என்ன நெல், இந்த வருஷம் கலங்கல் போயிற்றா என்றெல்லாம் இருவரும் பழைய சினேகிதர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். கடைசியில் அத்தை கேட்டார்:

"ஏங்க, நிலத்தை விலைக்குக் கேட்டு வரலையா உங்க பக்கம்?"

"வராம இருப்பாங்களா? ஆனா சரணாலயம்னு ஒரு எல்லை போட்டு வெச்சிருக்கே, அம்மா. அது ஒரு வேலி மாதிரி" என்றார் பெரியவர்.

அந்த எல்லையின் கதையையும் சொல்ல வேண்டும். 1936-ல் அரசாங்கம் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோ மீட்டர் வரையில் சரணாலயம் என்று அறிவித்தார்கள். பறவை ஏரியில் தூங்குகிறது. சாப்பாட்டுக்கோ சுற்றுப்பட்டு வயலுக்கும் குட்டைக்கும் போகிறது. படுக்கையறைக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டுச் சமையலறையை விற்றுவிட்டால் குடித்தனம் நடக்குமா? அதனால் ஐந்து கிலோ மீட்டர். 2020-ல் அதை மூன்றாகச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. பறவை ஆராய்ச்சிக்காரர்கள், ஊர்க்காரர்கள், பத்திரிகைகள், கரைமேல் ஒரு மாலை நின்றுவிட்டுப் போன ஜனங்கள் என்று எல்லாரும் குரல் கொடுத்தார்கள். எல்லை சுருங்கவில்லை. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் ஏறின.

அன்று திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. மண் கரையை நிற்க வைப்பது மண் அல்ல. அதை நம்பிப் பிழைக்கிறவர்கள். ஒரு காலத்தில் வயல்காரர்கள் மட்டும் நம்பினார்கள். நண்டு வளையைத் தேடினார்கள். பிறகு பறவைகள் நம்பின. அவற்றுக்கு வாயில்லை, ஊரார் வாயாக இருந்தார்கள். இப்போது புளியோதரைப் பொட்டலத்தோடு போகிற நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம். பொழுதுபோக்கு என்று அதை லேசாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாலை நேரம் கரையில் நின்று சந்தோஷப்பட்டவள், நாளைக்கு அந்தக் கரைக்கு ஒரு தீங்கு என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்க மாட்டாள். எதிலும் நம்பிக்கை வைப்பவர்கள் இல்லாத கரைதான் முதலில் போகிறது. அதை வெள்ளம் உடைப்பதில்லை. வரத்துக்காலில் ஒரு லாரி குப்பையைக் கொட்டுகிறார்கள்; யாரும் கேட்பதில்லை; கதை முடிந்துவிடுகிறது.

ஆகையால் சகோதரிகளே, நீங்களும் போய் வாருங்கள். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். செங்கற்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போகிற வழியில் படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். காலையில் சூரியன் உதிக்கும்போதோ, மாலை நாலு மணிக்குப் பிறகோ கரைமேல் இருங்கள். உச்சி வெயிலில் போனால் பறவையும் தூங்கும், நீங்களும் தூங்குவீர்கள். பளபளக்கிற புடவை வேண்டாம். பச்சையோ பழுப்போ கட்டிக்கொள்ளுங்கள். ஒரு தொலைநோக்கி கிடைத்தால் எடுத்துப் போங்கள். பொட்டலக் காகிதமும் பிளாஸ்டிக் பையும் உங்களோடேயே வீட்டுக்குத் திரும்பி வரட்டும். காணும் பொங்கல் கூட்டத்தில் போகாதீர்கள், ஜனங்களைத்தான் காண்பீர்கள். குழந்தைகளிடம் கத்தாதே என்று சொல்ல வேண்டியதில்லை. குஞ்சுக்கு ஊட்டுவதை ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

எண்பது சென்ட் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

மறுநாள் காலையில் அத்தை பத்திரத்தின்மேலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். பத்திரத்தை மடித்து என் கணவரிடம் கொடுத்து, "தரகர் வந்தா காப்பி குடுத்து அனுப்பிடு" என்றார். அவர் ஒரு நிமிஷம் தாயாரைப் பார்த்தார். "அம்மா, ஒரு எண்பது சென்ட்டுக்காக ஏரிக்குத் தண்ணி வந்துடுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே சந்தேகம்.

"வராதுப்பா. ஆனா பாசனக்காரின்னு ஒருத்தி இருந்தாத்தானே தண்ணி எங்கேன்னு கேக்க ஒரு வாய் இருக்கும்? நானும் வித்துட்டா அப்புறம் அதை ஏரின்னு சொல்றதுக்கு ஆள் யாரு?"

அவர் ஒன்றும் பேசவில்லை. இரவில் எடுத்து வைத்திருந்த கணக்குக் காகிதத்தைக் கிழித்துப் போடவும் இல்லை. மடித்து அலமாரியில் வைத்தார். கடன் கடனாகத்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் தவணை. அந்த வருத்தம் எங்கள் வீட்டில் இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

அன்று சாயங்காலம் அத்தை சொல்லச் சொல்ல நான் ஒரு மனு எழுதினேன். வரத்துக்கால் எந்தச் சர்வே நம்பரில் ஆரம்பித்து எங்கே அடைபட்டிருக்கிறது, கலங்கல் எத்தனை அடி, கரையில் எந்த இடத்தில் வண்டிப் பாதைக்காக வெட்டியிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இரண்டு பக்கம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை, மக்கள் குறை தீர்க்கும் நாளில், செங்கற்பட்டுக் கலெக்டர் ஆபீஸில் என் கணவரே லீவு போட்டுத் தாயாரை அழைத்துப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்களாம். அத்தை, பக்கத்தில் நின்ற மூன்று பெண்களோடு சிநேகமாகிவிட்டார். அவர்களில் ஒருத்தி ஊரிலும் ஒரு தாங்கல் உண்டாம்.

மனு கிடைத்தது என்று ரசீது வந்திருக்கிறது. அதை அத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். வரத்துக்கால் இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. பெண் மட்டும், ஐப்பசி பிறக்க இன்னும் எத்தனை மாதம் என்று காலண்டரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.